அனிக்காவை வாங்கலாமா

12 ஜனவரி, சனி

அப்பாவின் குளியல் முடிந்தது. தம்பி சீலன் தூக்கிப் பிடித்துக்கொண்டான், நான் சோப்புப் போட்டேன். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து இப்படித்தான். சீலன் வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவான், அதற்குள் நான் வெந்நீர் வைத்திருப்பேன். என் தோள்பட்டை போன பிறகு அப்பாவைத் தனியாகத் தூக்க என்னால் முடியாது.

பவுடர் போட்டு நாற்காலியில் உட்கார வைத்த பிறகு சீலன் கைப்பேசியை நீட்டினான். ஒரு பாய்மரப் படகின் படம்.

"லுமுட் மரினா படகுத்துறையிலதான் கட்டிக் கிடக்கு. ஹென்ரிக்னு ஒரு டச்சுக்காரரு. நெஞ்சு ஆபரேஷன் ஆயிருச்சாம், ஊருக்கே போகப் போறாரு. விக்கிறாரு."

"நல்லாத்தான் இருக்கு."

"நான் வாங்கலாம்னு இருக்கேன்க்கா."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

லங்காவி, அப்புறம் தாய்லாந்து, அந்தமான், இலங்கை என்று விரலால் காற்றில் கோடு போட்டான். போய்வர எத்தனை நாள் என்று கேட்டேன். "நாளா? ரெண்டு மூணு வருஷம்க்கா. பிடிச்சிருந்தா இன்னும்." செம்பனை எண்ணெய் ஆலை வேலையை விட்டுவிடுவானாம். நாற்பத்து நாலு வயதாகிறது, இப்போது போகாவிட்டால் எப்போது என்றான்.

"நீ வந்து பாரு. நீ சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன். நீ வேணாம்னா விட்டுடுறேன்."

இருபது வருடத்துக்கு மேலாகப் பிறர் படகுகளைத் தட்டிப் பார்த்துச் சொல்கிற வேலைதான் என் வேலை. காப்பீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள், வாங்குகிறவர்கள் கூப்பிடுவார்கள். சொந்தத் தம்பி கூப்பிடுவது இதுவே முதல் தடவை. வருகிறேன் என்றேன்.

கெம்போங் மீனைப் பொரித்தேன். ஒரு பக்கம் கருகிவிட்டது.

13 ஜனவரி, ஞாயிறு

படகின் பெயர் 'அனிக்கா', ஹென்ரிக்கின் மகள் பெயர். முப்பத்தாறு அடி, ஃபைபர் உடல், எண்பதுகளில் கட்டியது. அப்பாவைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் போனேன்.

இந்த வயதுப் படகின் கதவைத் திறந்தாலே பூஞ்சை வாடை அடிக்கும். இதில் அடிக்கவில்லை. மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தேன், அலமாரிகளுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். அடித்தளப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் இல்லை, தூசிதான் இருந்தது. குழாய்களின் வால்வுகள் எல்லாம் ஒரே விரலுக்குத் திரும்பின. ஹென்ரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளையின் பரீட்சைத் தாளைத் திருத்துகிற இடத்தில் நிற்கும் அப்பனைப் போல நின்றார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கறை. பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பி வடங்கள், மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இரும்புப் பட்டைகளில் வந்து முடியும். இடப்பக்கப் பட்டைக்குக் கீழே பலகையில் டீ சிந்தியது போல ஒரு பழுப்பு. குறித்துக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது சீலன் வரைபட மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். மேசையில் ஒன்றுமில்லை. சும்மா உள்ளங்கையை அதன்மேல் வைத்திருந்தான்.

16 ஜனவரி, புதன்

அப்பாவுக்கு இருமல். மருந்து மாற்றிக் கொடுத்தார்கள். மழை.

19 ஜனவரி, சனி

படகைத் தண்ணீரிலிருந்து தூக்கித் தரையில் நிறுத்தினார்கள். அடிப்பாகம் முழுக்க பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் 'டக்' என்று காய்ந்த சத்தம் வரும், கெட்டுப்போன இடத்தில் 'தொப்' என்று விழும். சுக்கானுக்குப் பக்கத்தில் ஓர் உள்ளங்கையளவு இடத்தைத் தவிர எல்லாம் 'டக்'. ஈரமானியும் அதையே சொன்னது.

கொப்புளங்கள் இருக்கின்றன. தண்ணீரிலேயே கிடக்கும் ஃபைபர் உடலில், வயதானால் தோலுக்குள் நீர் கோத்துக்கொண்டு வரும். பார்க்க அம்மை போட்டது போல அசிங்கமாக இருக்கும். சீலன் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போனான்.

"இது மோசமாக்கா?"

"மோசமாத்தான் இருக்கு" என்றேன்.

கொப்புளத்தால் எந்தப் படகும் மூழ்கியதில்லை என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இவன் அதைக் கேட்கவில்லை. மோசமா என்று கேட்டான், பார்வைக்கு மோசம்தான்.

மாலையில் ஆறே முக்காலுக்குத்தான் வந்தான். வெந்நீர் ஆறிவிட்டது. மறுபடி வைத்தேன்.

21 ஜனவரி, திங்கள்

தைப்பூசம். ஈப்போ கோயிலுக்குப் போகவில்லை. அப்பாவை விட்டுவிட்டு எங்கே போவது.

23 ஜனவரி, புதன்

சீலன் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆயர் தாவாரைச் சேர்ந்த சேவியர். ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வார் என்றான். எனக்குச் சொல்லாமலே பேசி முடித்திருக்கிறான். "நான் போனப்புறம் நீ கஷ்டப்படக்கூடாதுக்கா. சம்பளத்த நான் பாத்துக்குறேன்."

சேவியர் இன்று ஒரு வேளை செய்து காட்டினார். தூக்குவதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஓயாமல் பேசுகிறார். நகங்களும் சுத்தமாக இருந்ததாகத் தோன்றவில்லை. அப்பா அவரைப் பார்த்து வாய் கோணச் சிரித்தார். அப்பா எல்லாரைப் பார்த்தும் சிரிப்பவர்தான், நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர். சேவியர் வேண்டாம் என்று பிறகு சீலனிடம் சொல்லிவிட்டேன்.

"என்னா குறை கண்ட?"

"எனக்குச் சரியாப் படல."

அவன் அப்பா பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து படகைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான். கைப்பேசிப் படத்தையும் காட்டினான். அப்பா இடது கையால் அவன் தோளைத் தள்ளி, "போ... போ..." என்றார். வெளிக்குப் போக வேண்டுமாக்கும் என்று பெட்பேன் தட்டை எடுத்து வந்தேன். தட்டையும் தள்ளிவிட்டார். மறுபடி "போ..." என்றார். என்ன கோபமோ தெரியவில்லை.

26 ஜனவரி, சனி

கடலில் ஓட்டிப் பார்த்தோம். அப்பாவுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி துணை.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே முடுக்கச் சொன்னேன். இரண்டாவது முயற்சியில் பிடித்தது. கொஞ்சம் கரும்புகை வந்து பிறகு தெளிந்தது. பங்கோர் தீவைத் தாண்டியதும் ஹென்ரிக் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைச் சீலனிடம் கொடுத்தார். பெரிய பாய் ஏறியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து நிதானமாக ஓட ஆரம்பித்தது.

நான் கீழே இறங்கிவிட்டேன். என் வேலை கீழேதான். சாயும்போது எங்கே முனகுகிறது, எங்கே தண்ணீர் கசிகிறது என்று பார்க்க வேண்டும். அடித்தளப் பலகையைத் தூக்கி டார்ச் அடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தேன். எங்கேயும் ஒரு சொட்டு இல்லை. மரச்சட்டங்கள் அமைதியாக இருந்தன. அப்போது மேலே சீட்டி அடிக்கிற சத்தம் கேட்டது. ஹென்ரிக் என்று நினைத்தேன். ஏறிப் பார்த்தால் சீலன்.

அவன் மனைவி மாலதி அவனை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் அவன் சீட்டியடித்து நான் கேட்டதில்லை. காற்று முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாயின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆலை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற ஆள் மாதிரியே தெரியவில்லை.

"அக்கா, நீயும் வாயேன். லங்காவி வரைக்கும் மட்டும்."

"அப்பாவ யாரு பாப்பா?"

சீட்டி நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் காற்றும் தணிந்தது. எஞ்சினைப் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

30 ஜனவரி, புதன்

அப்பாவை மறுபடி ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு மரினாவுக்குப் போனேன். ஹென்ரிக்கின் அனுமதியோடு அந்த இடப்பக்கப் பட்டையைக் கழற்றினோம். மேல்தளத்தைத் துளைக்கிற இடத்தில், வெளியே தெரியாத பாகத்தில், துரு ஏறி மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியிருந்தது. பலத்த காற்றில் இது அறுந்தால் பாய்மரமே சாயும். ஹென்ரிக்கின் முகம் வெளுத்துவிட்டது. "இத்தனை வருடம் இதை நம்பியா போனோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஆபத்தைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதி. அவ்வளவுதான்.

புதுப் பட்டைகள் செய்ய சித்தியவானில் பட்டறை இருக்கிறது. ஒரு வாரத்து வேலை.

2 பிப்ரவரி, சனி

சீலனைக் கோப்பிக் கடைக்கு வரச் சொன்னேன். வீட்டில் பேசினால் அப்பா காதில் விழும்.

"பசியாறிட்டியாக்கா?"

"ஆச்சு."

அவன் ரொட்டி சானாய் சொல்லிவிட்டு, கைகளை மேசைமேல் கோத்து வைத்துக்கொண்டான். "சொல்லு."

சொன்னேன். கொப்புளங்கள், விரிசல் விட்ட பட்டை, வயதாகிவிட்ட கம்பி வடங்கள், சுக்கான் பக்கத்தில் ஈரம், எஞ்சின் புகை. ஒன்றில்கூடப் பொய் இல்லை. நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

"சரி பண்ண முடியாதா?"

"பண்ணலாம். பண்ணிக்கிட்டே இருக்கணும். நடுக்கடல்ல ஒண்ணு போனா நீ யாரக் கூப்பிடுவ?"

"அப்ப வாங்கலாமா, வேணாமா?"

ரொட்டி வந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"வேணாம்டா."

வாதாடுவான் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவன் டீயை எடுத்துக் குடித்தான்.

"சரி. நீ சொன்னா சரிதான்." பிறகு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அப்பாவுக்குப் பெம்பர்ஸ் இருக்கா? வரும்போது வாங்கிட்டு வரட்டா?" என்றான்.

5 பிப்ரவரி, செவ்வாய்

சீனப் பெருநாள். தெருவெல்லாம் பட்டாசுச் சத்தம். சீலன் லீவு நாள் முழுக்க அவன் வீட்டில் தூங்கினானாம். ஆறு மணிக்குச் சரியாக வந்தான்.

17 பிப்ரவரி, ஞாயிறு

துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தொலைபேசி. தைப்பிங்கிலிருந்து லிம் என்பவர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அவரும் மனைவியும் 'அனிக்கா'வைப் பார்த்தார்களாம். நான் ஏற்கெனவே சோதித்திருக்கிறேன் என்று ஹென்ரிக் சொல்லி என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். கண்டதைச் சொல்ல முடியுமா, கட்டணம் தருகிறோம் என்றார்.

கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்டதைச் சொன்னேன். துணி இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். பட்டைகளை மாற்றுங்கள், வடங்களை மாற்றுங்கள், சுக்கான் பக்கத்து ஈரத்தை உலர்த்திப் பூசுங்கள். கொப்புளங்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அவை ஒன்றும் செய்யாது. எஞ்சின் நல்ல எஞ்சின். உள்ளே இவ்வளவு காய்ந்த பழைய படகை நான் அதிகம் பார்த்ததில்லை.

"அப்படியென்றால் வாங்கலாமா?"

"தாராளமாக வாங்கலாம்."

யார் கேட்டாலும் இத்தனை வருடமாகச் சொல்லிவருகிற மாதிரிதான் சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே கேட்டது. கூடையில் பாதித் துணி கிடந்தது. வெயில் போகும்வரை அப்படியே கிடந்தது.

23 பிப்ரவரி, சனி

சலவை இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஆள் வந்தான். 'அனிக்கா' விலை முடிந்துவிட்டதாகக் கேள்வி.

2 மார்ச், சனி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

குளியலறையில் சீலன் அப்பாவைப் பின்னாலிருந்து பிடித்திருந்தான். நான் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹென்ரிக்கப் பாத்தேன்" என்றான். "ஊருக்குப் போறாரு. போறதுக்கு முந்தி உனக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."

"எதுக்கு?"

"லிம்முகிட்ட வாங்கலாம்னு சொன்னியாமே."

தேய்த்த முதுகையே மறுபடி தேய்த்தேன்.

"குறையெல்லாம் சொல்லித்தான்டா சொன்னேன்."

"எங்கிட்டயும் அதே குறையத்தான சொன்ன."

"அவங்க ரெண்டு பேரு. நீ ஒத்த ஆளு."

"ஆமா. ஒத்த ஆளுதான்." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "அப்பா கால இந்தப் பக்கம் தூக்கு, வழுக்குது."

தூக்கினேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பு அவர் கண்ணில் பட்டுவிடுமோ என்று கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். மூடவில்லை.

24 மார்ச், ஞாயிறு

லிம் தம்பதி இன்று புறப்பட்டார்கள். எனக்கு மரினாவில் வேறொரு படகு பார்க்க வேண்டியிருந்தது, அதனால் அங்கே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றில்லைதான்.

கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்துக் கொடுத்தது சீலன். திருமதி லிம் அவனுக்கு ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். கடைசிக் கயிற்றைச் சுருட்டி அழகாக மேல்தளத்தில் போட்டான். புதுப் பட்டைகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. சொன்னபடியே செய்திருக்கிறார்கள்.

படகு முனையைத் தாண்டும்வரை நின்றான். திரும்பியபோது என்னைப் பார்த்தான். "நீ பசியாறலன்னா வா, சாப்பிட்டுப் போலாம்" என்றான். போனோம். அப்பாவின் இருமலைப் பற்றிப் பேசினோம்.

14 ஏப்ரல், ஞாயிறு

சித்திரைப் புத்தாண்டு. பாயசம் வைத்தேன். பிறகு சேவியருக்குப் போன் செய்து, இன்னும் வேலை வேண்டுமா என்று கேட்டேன். மறுவாரமே வருவதாகச் சொன்னார். ஏன் அப்போது வேண்டாம் என்றீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஒன்றும் இல்லை.

4 மே, சனி

சேவியர் வந்து இரண்டு வாரமாகிறது. அப்பாவிடம் பழைய பஸ் வழித்தடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கிறார், அப்பா சரியா தப்பா என்று கையை ஆட்டுகிறார். நகங்கள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. ஒருவேளை அன்றைக்கும் சுத்தமாகத்தான் இருந்தனவோ என்னவோ.

ஆறு மணிக்குச் சீலன் இப்போதும் வருகிறான். செய்ய ஒன்றுமில்லை. டிவி முன்னால் உட்காருகிறான். சேவியர் அப்பாவைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து உட்கார வைத்ததும் எழுந்து போகிறான்.

இன்று வாசல்வரை போய்ச் சொன்னேன். "இப்பதான் ஆள் இருக்கே. வேற படகு பாரேன்டா."

"பாக்கலாம்க்கா."

"நெசமாத்தான் சொல்றேன்."

"நானும் நெசமாத்தான் சொல்றேன். பாக்கலாம்."

மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போனான்.

18 மே, சனி

ஆலையில் சீலனுக்குப் பதவி உயர்வு. இனிப்பு வாங்கி வந்தான். வாழ்த்து சொன்னேன்.

8 ஜூன், சனி

லங்காவி. படகுத்துறை விடுதியில் இருந்து எழுதுகிறேன். ஊருக்குத் திரும்ப நாளைக்குத்தான் பஸ்.

ஒரு நண்பர் மூலம் கேள்விப்பட்டேன். முப்பத்தெட்டு அடி, ஆஸ்திரேலியத் தம்பதியின் படகு, தனியாளே ஓட்டும்படி கயிறுகளையெல்லாம் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சீலனிடம் சொல்லவில்லை. சேவியரை இரண்டு நாள் வீட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டு, பெர்லிஸ் வரை பஸ்ஸிலும் பிறகு ஃபெர்ரியிலும் வந்தேன்.

காலையிலிருந்து பார்த்தேன். இவ்வளவு கவனமாக எந்தப் படகையும் பார்த்ததில்லை. ஒவ்வோர் அடியாகத் தட்டினேன். பட்டைகளைக் கழற்றிக் காட்டச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே காட்டினார்கள். வால்வு ஒன்று மட்டும் மாற்ற வேண்டும். மற்றபடி ஒன்றும் இல்லை. குறை இருந்துவிடுமோ என்று பயந்து பயந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

மேல்தளத்தில் உட்கார்ந்து சீலனைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்க? காத்துச் சத்தமா கேக்குது."

"லங்காவியில. ஒரு படகு பாத்தேன்டா."

சொல்ல ஆரம்பித்தேன். உடல் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் கொப்புளம், அது ஒன்றும் செய்யாது. வடங்கள் புதுசு. எஞ்சின் ஒரே முடுக்கில் பிடிக்கிறது. வரைபட மேசை பெரியது. ஒத்த ஆளே ஓட்டலாம். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவன் குறுக்கிடவே இல்லை. முடிந்ததும் மெதுவாகக் கேட்டான்.

"யாருக்குக்கா?"

"உனக்குத்தான்."

அந்தப் பக்கம் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. என் வீட்டில் இருக்கிறான்.

"அன்னிக்கு நீ வேணாம்னு சொன்னப்ப, உள்ளுக்குள்ள எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு" என்றான். "அவ்ளோ தூரம் தனியா... பயந்துதான் போயிருந்தேன். நீ சொன்னது நல்லதாப் போச்சு. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

உண்மையைச் சொன்னானா, எனக்காகச் சொன்னானா என்று தெரியவில்லை. சின்ன வயதில் முட்டி கிழிந்து ரத்தம் வழிய நின்றுகொண்டு, வலிக்கவே இல்லை என்று சொல்கிறவன் அவன். ஒரு படகின் உடலைத் தட்டினால் உள்ளே காய்ந்திருக்கிறதா நைந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியும். தொலைபேசியில் அவன் குரலை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"ஒரு தடவ வந்து பாரேன்."

"வேணாம்க்கா. நாளைக்கு எத்தன மணிக்கு வருவ? பஸ் ஸ்டேஷனுக்கு நான் வரேன், நடந்து போய்டாத."

கீழே படகுத்துறையில் உரிமையாளர் நின்றிருந்தார். நாள் முழுக்க என்னைச் சகித்துக்கொண்ட மனிதர். எப்படி என்று கேட்டார்.

"நல்ல படகு. தயங்காமல் வாங்கலாம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால், வாங்குகிறவர் எப்போது வருகிறார்?"

நான் குனிந்து காலணியை மாட்டிக்கொண்டேன். நிமிர்ந்தபோதும் அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.